கலு கொடுத்த இரத்தம்

"உம்மட நாயின்ட இரத்தம் கொஞ்சம் தருவீரோ, யோசப்பின்?"

சத்தியபாமா மிஸ் இப்படிக் கேட்டபோது யோசப்பின் தையல் மெஷினின் சில்லைக் கையால் அமர்த்தி நிறுத்தினாள். பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஊசியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மேல் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு இறங்கும் படிகள் மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். அந்தப் படிகளில் மிஸ் செருப்பில்லாமல் இறங்கி வந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்த காலத்தில் பெரிய பெரிய அதிகாரிகளையே வியர்க்க வைத்தவர் என்று அம்பிட்டிய முழுக்கப் பெயர் எடுத்த மனுஷி, ஒரு தையல்காரியின் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

யோசப்பினிடம் ஊரார் கேட்பதெல்லாம் துணியைப் பற்றித்தான். சட்டை எப்போது முடியும், கை இன்னும் கொஞ்சம் நீளமாக வருமா, நத்தார்ப் பண்டிகைக்கு முன் கிடைக்குமா. நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. ஆட்களைப் பார்த்துப் பேசக் கூச்சம். அளவெடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டாள். வாய் திறந்து பேசுவதென்றால் கலுவோடு மட்டும்தான். பஸ் நிறுத்தத்தில் குட்டியாய்க் கிடந்து நனைந்தவனைத் தையல் துணிப் பைக்குள் போட்டு எடுத்து வந்தாள். தார் போலக் கறுப்பு. பக்கத்து வீட்டுச் சிங்களச் சனங்கள் "கலு, கலு" என்று கூப்பிட, கறுப்பன் என்ற அந்தப் பேரே நிலைத்தது. இப்போது கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறான்.

"இரத்தம்ங்களா மிஸ்?" என்றாள் கடைசியில்.

"சீசருக்குத்தான். மூக்கால இரத்தம் ஓடுது. பல் முரசைப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளிறிக் கிடக்கு. உண்ணிக் காய்ச்சலாம். குளிசை தந்திருக்கினம். ஆனால் உடம்பில இரத்தம் மிச்சம் இல்லை எண்டு டொக்டர் சொல்லுறார். பெரிய நாயாய், நோய் நொடி இல்லாததாய் ஒண்டு கொண்டு வரட்டாம்." மிஸ் மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு வேற எந்த நாயைத் தெரியும்? உம்மட கலுவைத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் எங்கட கேற்றடியில நிண்டு சீசரோட சண்டை பிடிக்கிறவன்."

"ஐயோ, அது சண்டை இல்லீங்க மிஸ். சும்மா ஏசிக்கிறதுங்க."

மிஸ் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.

சீசர் யாரென்று யோசப்பினுக்குத் தெரியும். மிஸ்ஸின் கணவர் இராமநாதன் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தவர். மகன் சுஜந்தன் கனடாவுக்குப் புறப்பட்ட வருடம் அவர் மழைக்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்த அல்சேஷன் குட்டிதான் சீசர். போன வருடத்துக்கு முந்திய வருடம் எஞ்சினியர் ஐயா திடீரென்று கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு மேல் வீட்டில் மிஸ்ஸும் சீசரும்தான். மாலையில் மிஸ் சத்தம் போட்டு யாரோடோ நியாயம் பேசுவது கீழே கேட்கும். பதிலுக்கு வருவது நாய்க்குரல் மட்டும்.

யோசப்பின் கதவைச் சாத்திப் பூட்டினாள். "வாங்க மிஸ், போவோம்" என்றாள்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் அந்த மிருக வைத்திய நிலையத்துக்கு முச்சக்கரவண்டியில் போனார்கள். கலு நடுவில் குந்தியிருந்து, கண்டி வாவிக்கரை நெடுகிலும் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையை நீட்டினான். அவனுக்கு அது ஊர்கோலம்.

டொக்டர் பஹ்மி மடவளைக்காரர். நாய் பூனையைத் தொட்டு வைத்தியம் செய்கிற மகனை உம்மா இன்றைக்கும் பின்வாசல் குழாயடியில் குளிக்க வைத்துத்தான் வீட்டுக்குள் எடுப்பார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு உதவியாக நின்ற ஷிரோமி, யோசப்பின் போகும் அந்தோனியார் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள்.

"அட, யோசப்பின் அக்கா! பூசைக்குக்கூட இவ்வளவு நேரத்தோட வரமாட்டீங்களே," என்றாள். கலுவின் தாடையைப் பிடித்து ஆட்டினாள். "மாப்பிள்ளைக்கு ஊசின்னா பயமா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு நடுங்குறாரு பாருங்க."

உள் அறையில் சீசர் ஒரு பழைய போர்வையில் படுத்திருந்தது. மிஸ்ஸின் காலடிச் சத்தத்துக்கு வால் நுனி மட்டும் ஒரு தரம் அசைந்தது.

ஷிரோமி கலுவின் காது ஓரத்து மயிரை வழித்து, ஊசி நுனியால் ஒரு குத்துக் குத்தினாள். மிளகு அளவில் ஒரு துளி வந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, இன்னொரு தகட்டின் ஓரத்தால் இழுத்தாள். இரத்தம் நாக்கு வடிவில் மெல்லிசாகப் பரவியது. காற்றில் ஆட்டிக் காய வைத்து ஊதாச் சாயத்தில் தோய்த்தாள்.

"ஏன் காதுல எடுக்கிற எண்டா, உண்ணி கொண்டு வாற இந்தப் பூச்சியள் நுனி நரம்புலதான் கூடத் தேங்கி நிக்கிற," என்றார் டொக்டர். தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கண்ணைப் பொருத்திக்கொண்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்: "இவருக்கு முந்தி காய்ச்சல் வந்தீக்கா? சாப்பிடாம சுருண்டு கெடந்தீக்கா? மூத்திரம் கலர் மாறிப் போனீக்கா?"

யோசப்பின் உடனே சொன்னாள். "இல்லீங்க டொக்டர். இவனுக்கு ஒன்னுமே வந்ததில்லை."

அதைச் சொல்லும்போது அவள் மனதில் கள்ளம் இல்லை. போன வருடம் ஆனி மாதம் கலு தையல் மெஷினுக்கு அடியில் சுருண்டு விழுந்தது உண்மை. சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. அவள் வைத்தியரிடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போனாள். முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். அன்று கோயிலில் ஆசீர்வதித்துக் கொடுத்த பாண் ரொட்டியைப் பிட்டு அவன் வாய்க்குள் வைத்தாள். அவன் எழுந்தான். அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நேர்த்தி வைத்துச் சுகமான நோயைப் பற்றிப் பிறகு வாய் திறக்கக் கூடாது. நோய் போகும்போது வாசலைத் தாண்டியும் காது கொடுத்துக்கொண்டே போகும். பேச்செடுத்தால், கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வரும். அவளுடைய அம்மா அம்மை நோயைப் பற்றிச் சாகும்வரை பேசியதில்லை. யோசப்பினும் அன்று அந்தோனியாருக்கு அந்த வாக்கைத்தான் கொடுத்தாள். கொடுத்த பிறகு அவளைப் பொறுத்தவரை அந்த நோய் வரவே இல்லை. அந்தோனியார் துடைத்ததை மனிதப் பிறவி எதற்குத் தோண்டுவது?

டொக்டர் வெகு நேரம் பார்த்தார். பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "ஸ்லைட்ல ஒண்டும் தெரியல்ல மிஸ். ரெண்டு பேர்ட ரத்தத்தையும் சேத்துப் பார்த்த, கட்டி படவும் இல்ல. ஆனா ஒண்டு செல்லணும். பூச்சி கொஞ்சமா ஈந்தா ஸ்லைட்ல அம்புடாது. சில நாய் வருசக்கணக்கா ஒடம்புல வச்சிக்கிட்டு சும்மா ஓடித் திரியும். நிச்சயமா செல்றதுக்கு வேற பெரிய டெஸ்ட் ஒண்டு ஈக்குது. அனுப்பி மறுமொழி வர நாள் எடுக்கும்."

"அந்த நாள் சீசருக்கு இருக்கோ?" என்று மிஸ் கேட்டார்.

டொக்டர் சீசரைத் திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸும் பார்த்தார்.

"எடுங்கோ டொக்டர்."

கலுவை மேசையில் படுக்க வைத்து, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார்கள். யோசப்பின் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவினாள். "சும்மா இருடா கண்ணு, சும்மா இரு, மேல் வீட்டு அண்ணனுக்குத்தானே" என்று காதுக்குள் ஓதினாள். அத்தனை பேர் முன்னால் அவள் குரல் வெளியே வந்ததை அவளே கவனிக்கவில்லை. கலு அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டு கிடந்தான். இரத்தம் பைக்குள் இறங்கி, பிறகு அங்கிருந்து சொட்டுச் சொட்டாகச் சீசருக்குள் இறங்கியது. பொழுது சாயும்போது சீசரின் முரசில் ரோஜா நிறம் ஓடியது. அது தலையைத் தூக்கி, கலுவைப் பார்த்து, தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமியது.

"பாத்தீங்களா, கடன் வாங்கின ஆளே ஏசுறாரு!" என்றாள் ஷிரோமி.

மிஸ் அழுதுகொண்டே சிரித்தார். அந்த அழுகையோடே யோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் யோசப்பினின் வாழ்க்கையில் அதற்கு முன் வராதவை. மேல் வீட்டுக்கு இத்தனை வருடமும் அவள் பின்பக்கத்தால் போய், தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு வருவாள். இப்போது மிஸ் முன்வாசலில் நின்று, "யோசப்பின், தேத்தண்ணி ஆறப்போகுது, ஏறி வாரும்" என்று கூப்பிட்டார். கதிரையில் இருத்தினார். அலுமாரிக்குள் இருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்தார். முதல் நாள் யோசப்பின் கதிரையின் நுனியில் விழப்போகிறவள் போல இருந்தாள். ஒரு கிழமை போக முதுகு சாய்ந்தது. அதற்குப் பிறகு பேச்சும் வந்தது. அவள் தோட்டத்தைப் பற்றி, ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதைப் பற்றி, ஆட்களின் முகத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைப்பதைப் பற்றிச் சொன்னாள். மிஸ் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே," என்றார் ஒரு நாள். "இத்தனை வருசமாய்க் கீழ இருந்திருக்கிறீர். நான் சட்டை தைக்கிறதுக்கு மட்டும்தான் இறங்கி வந்திருக்கிறன்."

"மிஸ்ஸைக் கண்டா பயம்ங்க. கலுவுக்குக்கூடப் பயம்."

"அவனுக்கோ? அவன் நேற்றுப் பூசையறை வாசல்ல நிண்டு கற்கண்டு தாங்கோ எண்டு குலைக்கிறான்!"

நாய்கள் இரண்டும் கேற்றடியில் ஏசிக்கொள்வதை விட்டுவிட்டன. சீசர் விறாந்தையை விட்டு இறங்கத் தடை. உண்ணி ஏறாதபடி கழுத்துப் பட்டி கட்டி, வீடெல்லாம் மருந்து அடித்து, மிஸ் அதை உள்ளேயே வைத்திருந்தார். கலுவுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி. அதுவும் குளிப்பாட்டி, துடைத்து, மிஸ் நெற்றியில் திருநீறு பூசிய பிறகு. "வேதக்கார நாய்க்குத் திருநீறு பூசுறன், உம்மட சுவாமியார் கோவிப்பாரோ?" என்று கேட்டுவிட்டு மிஸ்ஸே சிரிப்பார். கனடாவிலிருந்து சுஜந்தன் பேசும்போது, "இனி உனக்கு ஒரு சகோதரம் இல்லை, இரண்டு" என்று சொல்லிக் கைபேசியைக் கலுவின் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

இரவில் படுக்கப் போகும்போது யோசப்பின் அந்தோனியாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சீசர் நன்றாக இருக்க வேண்டும். சீசர் இருக்கும்வரை அந்த முன்வாசல் தனக்குத் திறந்திருக்கும் என்று அவள் நம்பினாள். அது சுயநலமா என்று யோசித்தாள். சுயநலம்தான் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

மாதம் ஒன்று கடந்திருக்கும். ஒரு காலை மிஸ் கூப்பிட்டார். குரலில் தேத்தண்ணி இல்லை. ஓடிப் போனாள். சீசர் விறாந்தை மூலையில் கால் பரப்பிக் கிடந்தது. பக்கத்தில் ஓடியிருந்த மூத்திரத்தை மிஸ் விரலால் காட்டினார். கடும் சாயம் போட்ட பிளேன்டீ.

அந்த நிறத்தை எங்கே பார்த்தோம் என்பதை யோசப்பினின் மனம் நினைக்கப் போய், வாக்கு நினைவுக்கு வந்து, திரும்பிக்கொண்டது.

இந்த முறை சீசரின் காதிலிருந்து எடுத்த தகட்டை டொக்டர் பஹ்மி பார்த்துவிட்டு, விலகி மிஸ்ஸுக்கு இடம் கொடுத்தார். பிறகு யோசப்பினையும் பார்க்கச் சொன்னார். அவள் கண்ணை வைத்தாள். இளஞ்சிவப்பு வட்டங்கள் தட்டில் கொட்டிய பொட்டுகள் போல நெருங்கிக் கிடந்தன. சில வட்டங்களுக்குள் ஒரு மெல்லிய வளையமும் அதன் ஓரத்தில் ஒரு ஊதாப் புள்ளியும். கல் வைத்த மோதிரம் போல இருந்தது. இவ்வளவு வடிவான ஒன்றா ஒரு பெரிய நாயை விழுத்துகிறது என்று நினைத்தாள்.

"பபீசியா," என்றார் டொக்டர். "முதல்ல வந்தது வேற. அது வெள்ளை அணுவுக்குள்ள ஒளிக்கிற கிருமி. இது சிவப்பு அணுவுக்குள்ள குடியிருந்து உடைக்கிற பூச்சி. ரெண்டையும் கொண்டு வாற உண்ணிதான். ஆனா போன முறை ஸ்லைட்ல இது இல்ல."

"நான் ஒரு உண்ணி விடேல்லை டொக்டர். ஒண்டுகூட விடேல்லை. வெளியில இறக்கேல்லை," என்றார் மிஸ்.

டொக்டர் பேனாவை மேசையில் உருட்டினார். "உண்ணி இல்லாம வாறதுக்கும் ஒரு வழி ஈக்குது மிஸ். ரத்தம் ஏத்தினா வரும். கலுட ரத்தத்தை நான் அந்தப் பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்பப் போற. முந்தியே அனுப்பீக்கணும். சீசருக்கு வேண்டிய மருந்து கண்டில இல்ல, கொழும்புக்குச் செல்லீக்குறன். அது வாற வரைக்கும் கையில ஈக்கிறதைக் குடுப்போம்."

திரும்பி வரும்போது மிஸ் யோசப்பினின் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீர் கவலைப்படாதையும். அறியாத பிராணி. அவன் என்ன செய்வான், நீர்தான் என்ன செய்வீர். எடுங்கோ எண்டு சொன்னது நான்." அப்படிச் சொல்லும் மனுஷிதான் மிஸ். அந்தச் சொல் யோசப்பினின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்து குத்தியது; ஏன் குத்துகிறது என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் விடியவே எழுந்து கோயிலுக்குப் போனாள். நவநாள் ஜெபம் முடிந்து கொடுத்த பாணை வெள்ளைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேல் வீட்டுக்கு ஏறினாள். சீசர் சாப்பிட்டு நாளாகியிருந்தது. மருந்து இன்னும் வரவில்லை. மிஸ் நிலத்தில் இருந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி வாயோரத்தால் வழிந்தது.

வழி நெடுக யோசப்பின் தன்னோடு போராடிக்கொண்டுதான் வந்தாள். பாணைச் சும்மா கொடுத்தால் மிஸ் நம்பமாட்டார். நம்பிக்கை இல்லாமல் ஊட்டினால் பலிக்காது. நம்ப வைக்க வேண்டுமென்றால் கலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் வாக்குத் தவறும். நோய் காது கொடுக்கும். கலுவிடம் திரும்பி வரும். ஒரு பக்கம் கலு, ஒரு பக்கம் மிஸ். கடைசிப் படியில் கால் வைத்தபோது அவள் முடிவெடுத்துவிட்டாள். வந்தால் வரட்டும். மிஸ்ஸுக்காகக் கலுவைப் பணயம் வைத்தாள்.

"மிஸ், இதைக் கொஞ்சம் நனைச்சு வாயில வைங்க. அந்தோனியார் பாண்ங்க. கட்டாயம் எழும்புவான். நம்புங்க மிஸ், கலுவையே இதுதாங்க எழுப்பிச்சு."

மிஸ் களைத்த முகத்தோடு பாணை வாங்கினார். அவருக்கு அந்தோனியார் மேல் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அவரும் போய் மெழுகுதிரி கொளுத்தியவர்தான். ஒரு துண்டு பிட்டுத் தண்ணீரில் தொட்டார். பிறகு அவருடைய கை நின்றது.

"கலுவை எழுப்பினதோ?" என்றார் மெதுவாக. "கலு எப்ப விழுந்தவன்?"

யோசப்பின் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே தான் சொன்னது கேட்டது.

"சொல்லும் யோசப்பின். எப்ப?"

"போன வருசம்ங்க. ஆனி மாசம்."

"சாப்பிட்டவனோ?"

"இல்லீங்க."

"சலம் என்ன நிறத்தில போனது?"

யோசப்பின் நிலத்தைப் பார்த்தாள். விறாந்தையில் சிவப்புச் சீமெந்து. மிஸ் குரலை உயர்த்தவில்லை. கணக்குப் புத்தகங்களில் தப்பைத் தேடிப் பழகிய அந்தக் குரல், இப்போது தேட விருப்பமில்லாமல் தேடியது.

"இந்த நிறம்தாங்க மிஸ்."

"டொக்டர் கேட்டவரெல்லே? என்ர முன்னாலதானே கேட்டவர்?"

"அந்தோனியார் சுகமாக்கின நோய்ங்க. அதைப் பேசக் கூடாதுன்னு எங்க வீட்டுல... நேர்ந்துக்கிட்டேன் மிஸ். பேசினா திரும்பி வந்துரும். சத்தியமா நான் மறைக்கணும்னு... எனக்கு அது நோயாவே தெரியலீங்க. போயிருச்சுன்னு நெனைச்சேன். அடியோட போயிருச்சுன்னு..."

மிஸ் கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் யோசப்பின் காலில் விழுந்திருப்பாள். மிஸ் அந்தப் பாண் துண்டைச் சீசரின் நாக்கில் வைத்தார். அது விழுங்கவில்லை. "நீர் போய் உம்மட வேலையைப் பாரும்," என்றார். "எனக்குக் கொஞ்சம் தனிய இருக்க வேணும்."

பெரிய பரிசோதனையின் மறுமொழியை ஷிரோமிதான் தொலைபேசியில் சொன்னாள். கலுவின் இரத்தத்தில் பபீசியா இருந்தது. கொழும்பிலிருந்து மருந்து வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சீசர் புதன்கிழமை விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தது.

ஜம்பு மரத்தடியில் கூலிக்காரன் ஒருவன் குழி வெட்டினான். யோசப்பின் கேற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மிஸ் எஞ்சினியர் ஐயாவின் பழைய மழைக்கோட்டால் சீசரைச் சுற்றி, நெற்றியில் திருநீறு பூசினார். மண் போடும்போது கீழே கட்டிப் போட்டிருந்த கலு ஊளையிட்டான். மிஸ்ஸின் தோள்கள் ஒரு தரம் குலுங்கின. திரும்பிப் பார்க்கவில்லை.

மறு கிழமை கலுவைப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். அவள் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். இப்போது சொல்வதற்கு என்ன பயம். அவர் கலுவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, பிறகு கையைக் கழுவினார்.

"இவருக்கு இப்ப மருந்து தேவையில்ல. நோயும் இவரும் ஒருத்தரையொருத்தர் பொறுத்துக்கிட்டு ஈக்கிற. எங்கட ஊர்த் தெரு நாய்ல எத்தினையோ இப்பிடித்தான். உண்ணி ஏற விடாதீங்க. இன்னொரு நாய்க்கு ரத்தம் குடுக்க விடாதீங்க." துவாயால் விரல் விரலாகத் துடைத்தார். "மிஸ்ஸுக்கும் இதைத்தான் சென்ன. நீங்க உண்மையைச் செல்லீந்தாலும், அண்டைக்கு வேற நாய் இல்லாட்டி நான் இவர்ட ரத்தத்தைத்தான் எடுத்தீப்பன். ஆனா தெரிஞ்சிருந்தா, அடுத்த நாளே அந்த மருந்தை அனுப்பச் செல்லீப்பன்."

முன்பாதி ஆறுதல், பின்பாதி தீர்ப்பு. யோசப்பின் இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மேல் வீட்டின் முன்வாசல் சாத்தியே கிடந்தது. தைத்து முடித்த இரண்டு சேலைச் சட்டைகளை அவள் பின்பக்கத்தால் கொண்டுபோய் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள். தோட்டத்தைப் பற்றிச் சொல்லவும் பகிடிவிட்டுச் சிரிக்கவும் பழகிய வாய், பழையபடி நூலைக் கடிக்க மட்டும் திறந்தது.

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். யோசப்பின் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டுக் கலு எழுந்து ஓடினான். மிஸ் இறங்கி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, சீவி முடித்த கொண்டை, காலில் செருப்பு. கலு அவரைச் சுற்றிச் சுற்றி மோந்தான். சேலைக் கரையை மோந்தான், கையை மோந்தான். பிறகு படிகளில் பாதி ஏறி, பின்னால் இன்னும் யாரோ வரவேண்டியிருப்பது போல மேலே பார்த்துக்கொண்டு நின்றான். வராததைக் கண்டு இறங்கி வந்து மிஸ்ஸின் காலடியில் படுத்தான்.

"வாங்க மிஸ்," என்றாள் யோசப்பின் எழுந்து. மடியிலிருந்த பொத்தான்கள் நிலத்தில் சிதறின. "உள்ளுக்கு வாங்க மிஸ். தேத்தண்ணி ஊத்துறேன். மிஸ், நான்..."

மிஸ் அவளைப் பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு கலுவின் பக்கத்தில் குந்தினார். அவர் கை கலுவின் தலைக்கு மேல் வந்து, தயங்கி, பிறகு இறங்கியது. விரல்கள் காதுக்குப் பின்னால் மயிரைப் பிரித்துப் பிரித்துத் தேடின. கலு கண்ணை மூடிக்கொண்டான். கழுத்து மடிப்பில் விரல்கள் நின்றன. இரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்று, ஆமணக்கு விதை போல. மிஸ் அதை நகத்தால் அடியோடு பற்றி, தலை உள்ளே முறிந்துவிடாமல் பதமாக இழுத்து எடுத்தார். வாசற்கல்லில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தார். கல்லில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. அதை மிஸ் பார்த்தார். யோசப்பினும் பார்த்தாள்.

மிஸ்ஸின் வாய் ஏதோ சொல்லப் போவது போல அசைந்தது. யோசப்பின் கையில் ஊசியோடு காத்து நின்றாள்.

மிஸ் முழங்காலைப் பிடித்து எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டார். பிறகு பாசி பிடித்த படிகளில், ஒவ்வொன்றாகக் கால் பதித்து ஏறிப் போனார்.